தட்டுக்காரி

மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு வாரமாகக் கொடியில் கிடந்து வாடையடித்த துணியெல்லாம் ஒரே காலையில் வந்து குவிந்துவிட்டதால் இஸ்திரிக்காரம்மாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. வீட்டின் முன்னறைதான் கடை. தெருப்பக்கம் அகலமான ஜன்னல், ஜன்னலை ஒட்டி மேஜை, மேஜைமேல் நாலாக மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் ஓரம் பழுப்பேறிய வெள்ளைத் துணி. முதலில் காலர், பிறகு தோள்பட்டை, கை, முதுகு, கடைசியில் முன்பக்கம் என்று சட்டைக்கு ஒரு வரிசை வைத்திருந்தாள். இருபது வருஷமாக அந்த வரிசை மாறியதில்லை. ஈரம் முழுக்கப் போகாத துணியில் பெட்டி படும்போதெல்லாம் சுர்ரென்று ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது.

ஜன்னலுக்கு நேர் எதிரே டீக்கடை. தெருவுக்குள் யார் வந்தாலும் டீக்கடைக்காரியின் வாயைத் தாண்டித்தான் போகவேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை, பத்து மணி வாக்கில், சேறு தெறித்த கார் ஒன்று வந்து நின்றது. தாடி வைத்த ஒருவனும் தொப்பி போட்ட ஒரு பெண்ணும் இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் முப்பது வயது இருக்கும். தோளில் கனமான பைகள், காலில் முழங்கால் உயரத்துக்கு பூட்ஸ்.

"அக்கா, இங்க மூடிக் கிடக்குற ஓட்டுக் கம்பெனிக்கு எப்படிப் போகணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இஸ்திரிக்காரம்மாவின் கை நின்றது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, துணிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்தாள்.

"அங்க எதுக்கும்மா? இடத்த வாங்கப் போறீங்களா?"

"இல்லக்கா. ஆளில்லாம மூடிக் கிடக்குற இடங்களத் தேடிப் போய்ப் பாக்குறதுதான் எங்க வேலை. பழைய ஆலை, பாழடைஞ்ச பங்களா, ரயில் நிக்காத ஸ்டேஷன். படம் எடுப்போம், அளவெடுப்போம். அந்த இடத்தப் பத்தி ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னு கேட்டு எழுதிக்குவோம். புத்தகமாப் போடப் போறோம்."

"பேய் இருக்கான்னு பாக்கவா?"

தாடிக்காரன் சிரித்தான். "இருந்தா அதையும் எழுதிக்குவோம்."

டீக்கடைக்காரிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பால் சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எதிர் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

"தட்டுக்காரின்னு ஒருத்தி இருந்தா. சூளையில வெந்த ஓட்ட ஒவ்வொண்ணா எடுத்து, சின்ன இரும்புக் கம்பியால தட்டிப் பாப்பாங்க. டங்குன்னு மணி மாதிரி கேட்டா நல்ல ஓடு. டொக்குன்னு கேட்டா உள்ள கீறல், தூக்கி எறிஞ்சுடணும். அந்த வேலையில அவள அடிச்சுக்க ஆள் கிடையாது. கட்டிக்கிட்டவன் காய்ச்சல்ல போயிட்டான். கையில மூணு வயசுக் குழந்தை. கம்பெனிக்குப் பின்னால மண்ணெடுத்த பள்ளம் ஒண்ணு இருக்கு. தண்ணி தேங்கிக் கடல் மாதிரி நிக்கும். ஒரு நாள் அதுல போய் விழுந்துட்டா. செருப்பு மட்டும் கரையில கிடந்துச்சு. மூணு நாள் முங்கித் தேடுனாங்க, உடம்பு கிடைக்கல. அடியில எல்லாம் சேறு, இழுத்து வச்சுக்கிச்சு."

"அப்புறம்?" தொப்பிக்காரி நோட்டில் வேகமாக எழுதினாள்.

"அப்புறம் என்ன, வர ஆரம்பிச்சுட்டா. காத்தடிக்கிற நாள்ல டங்கு டங்குன்னு இங்க வரைக்கும் கேக்கும். உள்ள யாராவது போனா பின்னாலயே வந்து நிப்பாளாம். சொட்டச் சொட்ட ஈரத் தலை, கை ரெண்டும் செம்மண்ணு. அந்தக் கம்பியால தலையில ஒரு தட்டு. மணி மாதிரி கேட்டா நல்ல மனுசன்னு விட்டுடுவா. டொக்குன்னு கேட்டா நேரா பள்ளத்துக்குத்தான். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பக்கம் போனா திரும்பவே மாட்டார். வெறும் களிமண்ணும்மா அந்தத் தலை."

"கம்பெனிய ஏன் மூடுனாங்க?"

"அவளாலதான்! வேற எதுக்கு?"

உண்மையில் கம்பெனி மூடியது அதற்கு நாலு வருஷம் கழித்து. ஓட்டுக்கு ஏற்ற மண் தீர்ந்துபோனது. அதோடு எல்லோரும் கான்கிரீட் கூரைக்கு மாறிவிட்டார்கள். அதைச் சொன்னால் டீ ஆறிவிடும் என்று டீக்கடைக்காரிக்குத் தெரியும்.

"அந்தக் குழந்தை என்னாச்சு?"

டீக்கடைக்காரியின் தாடை ஜன்னலைக் காட்டியது. "எதிர்லதான் இருக்கு. அம்மாவோட அக்காதான் வளக்குறாங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்குற வேலை. தட்டுக்காரி மக ஊசி குத்துனா வலிக்காதும்பாங்க. பயத்துலயே பாதிப் பேருக்குக் கை மரத்துப் போயிடும்ல."

கருகல் வாடை வந்த பிறகுதான் இஸ்திரிக்காரம்மா குனிந்து பார்த்தாள். நீலச் சட்டை ஒன்றின் காலர், தன்னையறியாமல் மறுபடி எடுத்து வைத்த பெட்டிக்குக் கீழே பழுப்பாகியிருந்தது.

மத்தியானம் தங்கை பெண் வேலை முடிந்து வந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. இருபத்துநாலு வயதாகியும் பாப்பாதான். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். ஆஸ்பத்திரிப் பழக்கம் அது. அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரவும், பெரியப்பா பால் வேனைத் தெருமுனையில் விட்டுவிட்டு வரவும் சரியாக இருந்தது. அவருக்கு இடது காது கேட்காது. யாரும் பேசினால் வலது பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அது முறைப்பதுபோல் இருக்கும்.

"நாளைக்கு ஓட்டுக் கம்பெனிக்குப் போறேன். டீக்கடையில ரெண்டு பேர் வந்திருக்காங்க. நான்தான் வழி காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் பெண், மீனில் முள் எடுத்துக்கொண்டே.

"நீ எதுக்குப் போற?"

"வேற யாரு போவா பெரியம்மா? இந்த ஊர்ல அம்மாவுக்குப் பயப்படாத ஆள் நான் ஒருத்திதான்."

"கூரையெல்லாம் உளுத்துக் கிடக்கும். தலையில விழும்."

"அவங்ககிட்ட ஹெல்மெட் இருக்காம். எனக்கும் ஒண்ணு தர்றாங்களாம்."

பெரியப்பா தலையைத் திருப்பினார். "என்ன?"

"கம்பெனிக்குப் போகப் போறாளாம்" என்று இஸ்திரிக்காரம்மா உரக்கச் சொன்னாள்.

அவர் ஒரு வாய் சாப்பிட்டு விழுங்கிவிட்டுச் சொன்னார்: "போகட்டும். பகல்தானே. நீயும் கூடப் போ. பள்ளத்துப் பக்கம் மட்டும் விடாத."

அன்று முழுவதும் இஸ்திரிக்காரம்மாவுக்கு வேலை ஓடவில்லை. இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலைப்பொழுது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

தங்கை சாகவில்லை. ஊரில் அது இஸ்திரிக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்று விடிகாலையில் ஓடு ஏற்றிப்போன லாரியில் ஏறித் தங்கை வெளியூர் போய்விட்டாள். "இந்தச் செம்மண்ணுலயே என் ஆயுசு போயிடும்போல இருக்குக்கா. வேற வேலை பாத்துட்டு ஒரு வாரத்துல வர்றேன். அதுவரைக்கும் பாப்பாவ வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். போகும்போது நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டாள். பழைய ஜோடி கதவுக்குப் பின்னால் கிடந்தது. இரண்டாம் நாள் காலையில் அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போய்ப் பள்ளத்துக் கரையில் வைத்தது இஸ்திரிக்காரம்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். கம்பெனி ஒன்றரை மைல். பாதையில் முள்செடி மண்டியிருந்தது. தாடிக்காரன் முன்னால் கம்பால் விலக்கிக்கொண்டே போனான். புகைபோக்கி மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதன் உச்சியில் ஒரு செடி முளைத்து மரமாகிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் இல்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. தொப்பிக்காரி எல்லோருக்கும் ஹெல்மெட்டும் முகமூடியும் கொடுத்தாள். தாடிக்காரன் ஒவ்வொரு உத்தரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டான்.

"எதையும் எடுக்கக் கூடாது, எதையும் விட்டுட்டு வரக் கூடாது. அதுதான் எங்க வழக்கம்மா" என்றாள் தொப்பிக்காரி.

"அப்ப உன் வீட்டுக்காரர் கடைக்குப் போனாலும் வெறுங்கையோடதான் வருவாருன்னு சொல்லு" என்றாள் இஸ்திரிக்காரம்மா, தாடிக்காரனைக் காட்டி. பயத்தில் இருக்கும்போது அவளுக்குக் கிண்டல் வரும்.

"ஐயோ, அவரு என் அண்ணம்மா!"

மண் பிசைகிற இயந்திரம் வாயைத் திறந்தபடி நின்றது. உள்ளே கடைசியாகப் போட்ட மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அடுத்தது அச்சுக் கொட்டகை. இங்கேதான் இஸ்திரிக்காரம்மா ஏழு வருஷம் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து விழும் பச்சை ஓட்டைப் பலகையில் ஏந்தி, ஓரத்தில் பிதுங்கியதைக் கம்பியால் சீவி, காய்கிற தட்டில் அடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு ஓடு. வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைக்கும்போதும் விரல்கள் ஓடு ஏந்துகிற மாதிரியே விரிந்திருக்கும். தாடிக்காரன் கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்லப் பயம் கொஞ்சம் இறங்கியது. சூளை பெரிய குகைபோல் வளைந்து போனது. அதில் நெருப்பு அணையாமல் அறை அறையாக நகரும் என்று அவள் சொன்னதைத் தொப்பிக்காரி இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அப்போது காற்று எழுந்தது. டங்... டங்... என்று எங்கிருந்தோ சத்தம் கேட்டது.

தாடிக்காரன் கேமராவைத் தூக்கினான். இஸ்திரிக்காரம்மா, எல்லாம் தெரிந்திருந்தும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெண்தான் சாதாரணமாகக் கையை நீட்டினாள்.

"புகைபோக்கியில ஏணி இருக்குல்ல, அதுல நாலாவது படி கழண்டு தொங்குது. காத்தடிச்சா அடிக்கும். எனக்குப் பதிமூணு வயசுலயே தெரியும்."

"அப்ப பேய் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் தொப்பிக்காரி.

"அந்தச் சத்தம் அவங்க இல்லன்னு தெரியும்" என்றாள் பெண்.

இஸ்திரிக்காரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பதிமூன்று வயதிலா? எப்போது வந்தாள்? யாரோடு வந்தாள்?

சூளைக்குப் பின்னால் ஓடு தட்டிப் பார்க்கிற அறை. குறுகலானது, ஒரே ஒரு ஜன்னல். தாடிக்காரன் முதலில் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான். "இங்க யாரோ வந்துட்டுப் போறாங்க."

மற்ற அறைகளில் கணுக்கால் அளவுக்குக் குப்பையும் வௌவால் புழுக்கையும் கிடந்தன. இந்த அறையின் தரை பெருக்கியிருந்தது. கல்மேடையில் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. சுவரில் இருந்த மாடத்தில் ஒரு சீப்பு, இரண்டு ரிப்பன், பள்ளிக்கூட மதிப்பெண் சீட்டின் நகல், ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவில் மிஞ்சிய ஒன்று. மூலையில் துடைப்பம்.

"நான்தான்" என்றாள் பெண். கூச்சமோ வருத்தமோ இல்லாமல், தன் மேஜை எது என்று காட்டுகிறவளைப்போலச் சொன்னாள். "அம்மா வேலை பாத்த இடம் இது. பன்னெண்டு வயசுல இருந்து வர்றேன். ஏதாவதுன்னா வந்து சொல்லிட்டுப் போவேன். பாஸானது, வேலை கிடைச்சது, பெரியம்மாவுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணப்ப... அன்னைக்கு ரொம்ப நேரம் இருந்தேன்."

"பதில் வருமா?" தொப்பிக்காரி மெல்லக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

"வராது. ஆனா கேக்குறாங்கன்னு இருக்கும்."

இஸ்திரிக்காரம்மா கல்மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம். ஒரு ஜோடிச் செருப்பை நம்பி இந்தப் பிள்ளை பன்னிரண்டு வருஷமாக வெறும் சுவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. இவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர்கள் போனதும் பெண் பக்கத்தில் வந்தாள். "என்ன பெரியம்மா, தலை சுத்துதா? நாடி பாக்கட்டா?"

"கைய விடு. உங்கம்மா சாகல."

பெண் கையை விடவில்லை. நாடியில் வைத்த விரல் அப்படியே இருந்தது.

"லாரியில ஏறி வெளியூர் போயிட்டா. செருப்ப நான்தான் கொண்டுபோய் வச்சேன். ஓடிப் போனவ மகன்னு உன்னைச் சொல்லிடக் கூடாதுன்னு..."

"உயிரோட இருக்காங்களா?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி பாத்தேன். பெரிய ஊர்ல, பஸ் ஸ்டாண்டு பின்வாசல்ல பழக்கடை வச்சிருந்தா. பத்து நிமிஷம் பேசுனோம். 'என்னைப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்க?'ன்னு கேட்டா. செத்துட்டன்னு சொல்லியிருக்கேன், இப்ப நீ பேயும் ஆயிட்டன்னேன். சிரிச்சா. அப்புறம் அழுதா."

வெளியே தாடிக்காரன் டேப்பைப் பிடித்து அளவு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு பெண் ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள்.

"போகும்போது என்ன சொன்னாங்க?"

"ஒரு வாரத்துல வர்றேன்னு."

"செருப்ப எப்ப வச்சீங்க?"

"ரெண்டாம் நாளு."

"ஒரு வாரத்துல வர்றேன்னு சொன்னவங்களுக்கு ரெண்டாம் நாளே ஏன் வச்சீங்க?"

இஸ்திரிக்காரம்மா இத்தனை வருஷமாகத் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் ஒதுக்கி வைத்திருந்த கேள்வி அது. ஊர் வாய்க்குப் பயந்துதான் செய்தேன் என்று அவளே நம்பத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது.

"அப்ப கல்யாணமாகி எட்டு வருஷம், எனக்குப் பிள்ளை இல்ல" என்றாள். "அன்னைக்கு ராத்திரி நீ என் வயித்து மேல கால் போட்டுத் தூங்குன. அவ வந்தா உன்னக் கூட்டிட்டுப் போயிடுவா. செத்துட்டான்னு ஊரே சொல்லிட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவா? அதுக்குத்தான் வச்சேன். அந்த வெளியூர் லாரிக்காரன் இங்க வாயத் தொறக்கல, அவகிட்ட மட்டும் போய்ச் சொல்லியிருக்கான். நீ செத்துட்டியாம், உனக்காகத் தண்ணியில முங்கிட்டிருக்காங்கன்னு. சரி, செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டாளாம்."

பெண் கையை எடுத்துக்கொண்டாள். மாடத்தில் இருந்த மதிப்பெண் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

"அப்ப நான் இங்க பேசுனதெல்லாம் யார்கிட்ட பேசுனேன்?"

இஸ்திரிக்காரம்மா மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாள்.

திரும்பி வரும்போது பெண் தாடிக்காரனோடு முன்னால் நடந்தாள். தெருமுனையில் தொப்பிக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீங்க பேசுனது எதுவும் எங்க காதுல விழல. ஆனா ஏதோ நடந்திருக்குன்னு தெரியுது. தட்டுக்காரி கதைய எழுதாம விட்டுடட்டுமா?"

"எழுதுங்க" என்றாள் பெண். "டீக்கடையில சொன்னத அப்படியே எழுதுங்க. அது ஊரு கட்டுன கதை, ஊருக்குச் சொந்தம். அந்த ரூம மட்டும் படம் போடாதீங்க."

அவர்கள் அந்த அறையில் எடுத்திருந்த படத்தை அவள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டிவிட்டுக் காரில் ஏறினார்கள்.

சாயங்காலம் பெரியப்பா பின்கட்டில் பால் கேன்களைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கண்ணைத் திறந்தால் அவர் கேனுக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்தது இடது பக்கம்.

"என்ன சொன்ன?" என்று தலையைத் திருப்பினார்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். முதல் தடவை சொன்னதைவிட இது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டியிருந்தது.

அவர் குழாயை மூடினார்.

"அந்தத் தண்ணிக்கடியில கண்ணத் தொறந்தா எல்லாம் மஞ்சளா இருக்கும். ஒண்ணும் தெரியாது. கையாலதான் துழாவணும். வேரு, மட்டை, கந்தல் எது கையில பட்டாலும் அவதான்னு நெஞ்சு அடிச்சுக்கும். மூணு நாள். அதுல காதுல சேத்துத் தண்ணி போய்ச் சீழ் வச்சுத்தான் இது போச்சு."

"தெரியும்."

"நீ கரையில நின்ன."

"நின்னேன்."

"அழுத."

"அழுதேன்."

"எதுக்கு அழுத? அவ அங்க இல்லன்னுதான் உனக்குத் தெரியுமே."

"நீங்க முங்கிட்டு மேல வராம போயிடுவீங்களோன்னு."

அவர் எழுந்து கேன்களை ஒவ்வொன்றாக வரிசையில் அடுக்கினார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் வீட்டில் பேச்சே இல்லை. பெரியப்பா வேளாவேளைக்கு வந்து சாப்பிட்டார், போனார். ஆனால் தன் சட்டைகளை அவளிடம் கொடுக்கவில்லை. கொடியில் இருந்து அப்படியே உருவிப் போட்டுக்கொண்டார். இஸ்திரிக்கடை வீட்டுக்காரர் கசங்கின சட்டையில் வேன் ஓட்டுவதைத் தெருவே பார்த்தது. "என்னம்மா, கரண்டு இல்லையா உங்க வீட்டுல?" என்று டீக்கடைக்காரி எதிரிலிருந்து கேட்டாள். பெண் வேலைக்குப் போனாள், வந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "பின்வாசல்னா எந்தப் பக்கம்?"

"டிக்கெட் கவுண்டரத் தாண்டி இடது பக்கம். நானும் வரட்டுமா?"

"வேணாம்."

அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. இஸ்திரிக்காரம்மா ஒரு கட்டில் விரிப்பையே நாலு தடவை தேய்த்தாள். பெரியப்பா வேன் வேலை முடிந்தும் உள்ளே வராமல் தெருமுனையில் போய் நின்றுகொண்டிருந்தார். ஆறு மணி பஸ்ஸில் பெண் இறங்கி அவரோடு நடந்துவந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. அதை மேஜைமேல், துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

"கடை இருக்கு. எதிர் வரிசைக்கு மாத்திட்டாங்க."

"அவ?"

"இருக்காங்க. நான் போய் ஒரு கிலோ கேட்டேன். எடை போட்டாங்க. நிமிர்ந்து பாத்தாங்க. அப்புறம் தராச அப்படியே போட்டுட்டு, 'நீ பாப்பாதான'ன்னாங்க. எப்படித் தெரியும்னேன். அக்கா மாதிரியே தலையச் சாய்ச்சு நிக்கிறியேன்னாங்க." பெண் ஆரஞ்சுப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். "உங்களைத்தான் சொன்னாங்க, பெரியம்மா."

ஆறு நாள் கழித்து அந்தச் சொல் காதில் விழுந்ததும் இஸ்திரிக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"வேற யாரும் இருக்காங்களா அவளுக்கு?" என்று அவர் கேட்டார். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு.

"யாரும் இல்ல. கடைக்குப் பின்னாலயே ஒரு ரூம். நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நான் கூப்பிடல. வரக் கூடாதுன்னும் சொல்லல."

அடுத்த நாள் பதினோரு மணிக்குத் தட்டுக்காரி பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நடந்துவந்தாள். நாற்பத்துநாலு வயது. கொஞ்சம் பருத்து, காதோரம் நரைத்து, தோளில் துணிப்பை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். டீக்கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. டீக்கடைக்காரிதான் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். அவளும் ஒரு காலத்தில் கம்பெனியில் மண் சுமந்தவள்.

"யாரு... தட்டுக்..." என்று பாதியில் நின்றுபோனாள். பிறகு பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "கால் தரையில படுதான்னு பாருய்யா" என்றாள்.

"படுது. செருப்பு தேய்ஞ்சிருக்கு பாரு" என்றார் அவர்.

தட்டுக்காரி நின்று திரும்பினாள். "இன்னும் டீயில தண்ணிதான் ஊத்துறியா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு டீக்கடைக்காரிக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

வீட்டு வாசலில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

"மூணு நாள் தேடுனேன்" என்றார் அவர்.

"தெரியும் மாமா."

"சரி, உள்ள வா. வெயில்ல நிக்காத."

உள்ளே அக்காவும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். கட்டிக்கொள்ளவில்லை. தங்கைதான் முதலில் பேசினாள்.

"கரையில எதக்கா வச்ச? அந்த வார் அறுந்ததையா?"

"ம்."

"சாகப் போறவகூட அத மாட்டிட்டுப் போகமாட்டா. ஒருத்தருக்கும் தோணலையே!"

இருவருக்கும் சிரிப்பு வந்து, அது பாதியில் வேறாக மாறியது. "நீ வந்து கூட்டிட்டுப் போயிருப்ப. நான்தான் கெடுத்துட்டேன்" என்று இஸ்திரிக்காரம்மா சொன்னாள். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்திருப்பேனான்னு எனக்கே தெரியலக்கா. நீ அப்படிச் சொன்னதுனாலதான் வரலன்னு நெனச்சுக்கிட்டா எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. இத்தனை வருஷம் அப்படியே நெனச்சுக்கிட்டேன்."

சாப்பாடு ஆனது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து தங்கை பெண்ணிடம் கேட்டாள்: "கம்பெனியில என் ரூம்ல போய் உக்காந்து பேசுவேன்னு சொன்னியே. அத ஒரு தடவை பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

"வேணாம்" என்றாள் பெண். "அங்க இருந்தவங்ககிட்ட நான் எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேன். அவங்க வேற. உங்ககிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லல."

"சொல்லு. அஞ்சு மணிக்குத்தான் பஸ்."

"அஞ்சு மணிக்குள்ள முடியாது."

"முடிஞ்ச வரைக்கும் சொல்லு."

இஸ்திரிக்காரம்மா மெல்ல எழுந்து முன்னறைக்குப் போகப் பார்த்தாள்.

"நீங்க எங்க போறீங்க பெரியம்மா? உக்காருங்க. சின்ன வயசுல நடந்ததெல்லாம் எனக்குச் சரியா ஞாபகம் இருக்காது. நீங்கதான் சொல்லணும்."

இஸ்திரிக்காரம்மா சுவரோரமாக உட்கார்ந்தாள். பெண் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பள்ளிக்கூடத்துல சேத்த அன்னைக்கு நல்ல மழை. பெரியம்மா என்னைத் தூக்கிட்டு..."

"மழை இல்ல" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "வெயில். உன்னத் தூக்கவும் இல்ல, நீயேதான் நடந்து வந்த."

"சரி, வெயில்" என்று பெண் மேலே சொல்லிக்கொண்டு போனாள்.